பழைய காரின் கோளாறுகளும் ஒருபக்கம் தேயும் டயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து ஆண்டுகளைக் கடந்த ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 போன்ற சிறிய கார்களை வைத்திருப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவை எல்லாமே முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்கள். முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் அமைப்பும், அதற்குக் கீழே சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் லோயர் ஆர்மும் இருக்கும். அமைப்பு ஒன்றாக இருப்பதால், வயதானபின் வரும் கோளாறுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே வருகின்றன.

டயர் தேய்ந்திருக்கும் விதத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். அதனால்தான் தேய்ந்த டயரைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவதற்கு முன், பழையதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். புது டயர் ஏறிவிட்டால் அடுத்த சில ஆயிரம் கிலோமீட்டர்களுக்கு எந்தத் தடயமும் கிடைக்காது.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதியில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள், மிச்சம் இருந்தால், நெடுநாளாகக் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் மொட்டையாகியிருந்தால் காற்று அதிகம். ஒரே ஒரு ஓரம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது, அதாவது கேம்பர் கோணம் தவறியிருக்கிறது என்று பொருள். ஓரம் தேய்வதோடு பட்டனின் விளிம்புகள் ரம்பப் பல்போல மாறியிருந்தால், சக்கரம் நேராக உருளாமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியபடி இழுபடுகிறது. இது டோ எனப்படும் அளவின் கோளாறு. டயரைச் சுற்றி விட்டு விட்டுப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ, பேலன்சிங்கையோ, வீல் பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சப்பையாக இருந்தால், பிரேக் பிடித்துச் சக்கரம் உருளாமல் வழுக்கிய இடம் அது.

ரம்பப் பல் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்தால் தெரியவில்லையே?

கண்ணை நம்ப வேண்டாம், கையை நம்புங்கள். காரை நிழலில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுவதுமாக ஒடித்துவிட்டால் முன் டயரின் முழு அகலமும் வெளியே தெரியும். கம்பியோ ஆணியோ நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, டயரின் அகலவாக்கில் உள்ளங்கையை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தடவுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையில் தட்டினால் டோ தவறியிருக்கிறது. உள்ளிருந்து வெளியே தடவும்போது தட்டினால் சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது தட்டினால் வெளிநோக்கித் திரும்பியிருக்கிறது.

இவ்வளவு சிறிய கோணமா டயரைத் தின்கிறது என்று சிலர் ஐயப்படுவார்கள். ஒரு சக்கரம் கால் பாகை மட்டும் தவறி நின்றாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்பட்டதற்குச் சமம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அது நாலு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். தார் சாலையில் அவ்வளவு தூரம் தேய்த்தால் ரப்பர் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுவில்லையில் உள்ள அளவைத்தான் வைக்க வேண்டும். அது இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் காருக்கு உரிய அளவு அன்று. காற்றைக் காலையில், டயர் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். வெப்பம் ஏறத்தாழ ஐந்தரைப் பாகை செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடும். ஆகவே வெயிலில் நெடுந்தூரம் ஓடிவந்த டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அது குறைந்த காற்றுடன் நிற்கும். மாதம் ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்ப்பது போதுமானது. நைட்ரஜன் நிரப்புவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. நைட்ரஜன் போட்டாயிற்று என்று மூன்று மாதம் காற்றைப் பார்க்காமல் விடுவதுதான் உண்மையான கெடுதல்.

இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தும் முன் டயர்களின் உள்ஓரம் தேய்ந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

வருகிற கேள்விகளில் பாதி இதுதான். அலைன்மென்ட் என்பது அளந்து சரிசெய்யும் வேலை மட்டுமே. தேய்ந்த பாகத்தை அது புதுப்பிக்காது. லோயர் ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ, அது சக்கரத்தோடு சேரும் பால் ஜாயின்ட்டிலோ ஸ்டீயரிங்கின் தண்டு சக்கரத்தோடு சேரும் டை ராட் எண்டிலோ ஆட்டம் இருந்தாலோ, கார் அசையாமல் நிற்கும்போது கணினித் திரையில் எல்லா அளவும் பச்சையாகத்தான் தெரியும். சாலையில் இறங்கிப் பிரேக் பிடித்தவுடன் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, கிழிந்த புஷ் அதைத் தடுக்காமல் விட்டுவிடுகிறது, கோணம் மாறிவிடுகிறது. நகரப் போக்குவரத்தில் நிமிடத்துக்கு நாலு முறை பிரேக் பிடிக்கும் காரில் அந்தத் தவறிய கோணம்தான் நாள் முழுவதும் வேலை செய்கிறது. எனவே ஆட்டம் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, காற்றைச் சரிசெய்து, அதன் பிறகே அலைன்மென்ட் செய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் அலைன்மென்ட்டுக்குக் கொடுத்த காசு வீண். கடைகளில் இந்த ஆட்டச் சோதனையைக் கேட்டால்தான் செய்கிறார்கள்; ஆகவே கேளுங்கள்.

சோதனையை வீட்டிலும் செய்யலாம். கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியால் தரையிலிருந்து தூக்கி, உடலின் எந்தப் பகுதியும் காருக்கு அடியில் போகாதபடி எதிரே உட்கார்ந்துகொள்ள வேண்டும். முதலில் டயரைக் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களில் இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். "டொக் டொக்" என்று ஆட்டம் கிடைத்தால் டை ராட் எண்டோ ஸ்டீயரிங் ரேக்கோ தேய்ந்திருக்கிறது. பிறகு 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து அசையுங்கள். இங்கே ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இரண்டையும் பிரித்தறிய, இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள்: ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். லோயர் ஆர்ம் புஷ் மட்டும் இந்தச் சோதனையில் எளிதில் சிக்காது. அதைப் பட்டறையில் காரைத் தூக்கி, நெம்புகோல் கொடுத்து அசைத்துத்தான் பார்க்க வேண்டும். ரப்பரில் வெடிப்பு இருந்தால் வாய் பிளப்பது நேராகத் தெரியும்.

"கேம்பர் அவுட்டாக இருக்கிறது, ஆனால் உங்கள் காரில் சரிசெய்ய முடியாது" என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. இந்த வகைச் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தின் டோவை மட்டுமே திருகித் திருத்த முடியும். கேம்பருக்குத் திருத்தம் வைக்கப்படவில்லை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது சரியாக இருந்த கோணம் இப்போது தவறியிருக்கிறது என்றால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, இறங்கியிருக்கிறது, அல்லது நகர்ந்திருக்கிறது. பள்ளத்தில் இடித்து லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம், ஸ்ட்ரட் வளைந்திருக்கலாம், வயதான ஸ்பிரிங் ஒருபக்கம் தாழ்ந்திருக்கலாம், முன்பு ஒரு விபத்தில் அடிபட்டு அடிச்சட்டமே சற்று நகர்ந்திருக்கலாம். சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இருபுறமும் டேப்பால் அளந்து பாருங்கள். ஒருபக்கம் கணிசமாகக் குறைந்திருந்தால் ஸ்பிரிங்கிலிருந்து தேடலைத் தொடங்கலாம். ஸ்ட்ரட் போல்ட்டின் துளையை ராவிப் பெரிதாக்கிக் கோணத்தை இழுத்துவைக்கும் வேலையைச் சிலர் முன்மொழிவார்கள். வளைந்த பாகத்தை அப்படியே விட்டுவிட்டு அளவை மட்டும் திரையில் பச்சையாக்கும் அந்த வேலைக்கு நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் ஒன்றா? என் காருக்கு எது தேவை?

ஒன்றல்ல. சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது அலைன்மென்ட். ஒவ்வொரு சக்கரத்தின் எடையும் சுற்றிலும் சமமாகப் பரவியிருக்கிறதா என்பது பேலன்சிங். கார் ஒருபக்கம் இழுப்பது, ஸ்டீயரிங் கோணலாக நிற்பது, ஓரம் தேய்வது ஆகியவை முதலாவதன் அறிகுறிகள். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கி, வேகம் மேலும் கூடினால் சில சமயம் அடங்கிவிடுவது இரண்டாவதன் அறிகுறி.

நடுக்கம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் உதறினால் முன் டிஸ்க் சீரற்றுத் தேய்ந்திருக்கிறது. பேலன்சிங் செய்து பயனில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்தவுடன் நின்றால், என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். கார் நிற்கும்போதே, ஏ.சி. போட்டால் உடம்பெல்லாம் அதிர்ந்தால், என்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பான என்ஜின் மவுண்டிங் தளர்ந்திருக்கிறது. பல நாள் நின்ற காரை எடுத்தவுடன் முதல் சில கிலோமீட்டர்கள் மட்டும் துள்ளுவது டயர் சப்பையாகி நின்றதால் வருவது. சூடேறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கார் எப்போதும் இடப்பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் கோளாறுதானா?

நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கின்றன. இடப்புறமாக ஓட்டும் நாட்டில் கார் மெல்ல இடப்பக்கம் நகர்வது இயல்பே. ஆள் இல்லாத சமதளமான சாலையில்தான் சோதிக்க வேண்டும். அங்கும் இழுத்தால் முதலில் நான்கு டயர்களின் காற்றையும் பாருங்கள். அது சரியென்றால், திசைக்குறி இல்லாத டயர்களாக இருக்கும் பட்சத்தில், முன் டயர்கள் இரண்டையும் இடவலம் மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்; மாறாவிட்டால் கோணத்திலோ பிரேக்கிலோ. சிறிது தூரம் ஓடியபின் ஒரு முன்சக்கரத்தின் ரிம் மட்டும் அனல் வீசினால், அந்தப் பக்கத்தில் பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் ஊசித்தண்டு துருப்பிடித்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையை ரிம்மின் அருகே கொண்டுபோனாலே வெப்பம் தெரியும், தொட்டுவிட வேண்டாம்.

ஓடும்போது "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வருகிறது. டயரா, பேரிங்கா?

சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயராக இருக்க வாய்ப்பு அதிகம். எந்தச் சாலையிலும் ஒரே சுருதியில், வேகத்தோடு சேர்ந்து உயர்ந்தால் பேரிங். மிதமான வேகத்தில், இடமிருக்கும் சாலையில், மெல்ல வலப்பக்கம் வளையும்போது காரின் எடை இடப்பக்கச் சக்கரத்தின்மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் இடப்பக்க பேரிங், இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கம். பின் டயர்கள் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்தாலும் இதே போன்ற இரைச்சல் வரும் என்பதால், பேரிங்குக்குச் செலவழிப்பதற்கு முன் பின் டயரையும் கையால் தடவிப் பாருங்கள்.

2015, 2023 ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சக்கரம் மூழ்க நின்ற கார்கள் ஏராளம். பேரிங்கினுள் புகுந்த சேற்றுநீர் உடனே சத்தம் தராது. கிரீஸ் கெட்டு, துரு ஏறி, மாதங்கள் கழித்துத்தான் குரல் கொடுக்கும். பழைய கார் வாங்குவோர் இருக்கைத் துணியின் வாசனையை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. நெடுஞ்சாலையில் ஓட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பாட்டை நிறுத்திக் கேட்க வேண்டும்.

பள்ளத்தில் இறங்கினால் "கடகட" என்றும், திருப்பும்போது "டக் டக்" என்றும் சத்தம் வருகிறதே?

இவை வெவ்வேறு கோளாறுகள். சிறு மேடுபள்ளங்களில் மெதுவாகப் போகும்போது கடகடவென்று தட்டினால் பெரும்பாலும், கார் வளைவில் சாயாமல் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராட். விலை குறைந்த பாகம், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பெரிய பள்ளத்தில் ஒரே ஒரு கனத்த அடிச் சத்தம் கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷோ ஷாக் அப்சார்பரோ. கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கைச் சுற்றினால் ஸ்பிரிங் "டங்" என்று துள்ளும் ஒலி ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டிலிருந்து வருவது. முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது மட்டும் சக்கரச் சுற்றுக்கு ஏற்ப "டக் டக்" என்று வந்தால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட் போய்விட்டது. அதன் ரப்பர் உறை கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் கருப்பு கிரீஸ் தெறித்திருப்பதைக் காணலாம். சத்தம் தொடங்குவதற்கு முன்பே உறை கிழிந்ததைக் கண்டுவிட்டால் உறையையும் கிரீஸையும் மாற்றுவதோடு முடிந்துவிடும்; மண் புகுந்தபின் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஷாக் அப்சார்பரை மாற்றும்போது ஒருபக்கம் மட்டும் மாற்றாமல் இணையாக மாற்றுங்கள்.

கார் அடிக்கடி சூடாகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?

அடுத்த பட்டறை வரை போகலாம். அதைப் பழக்கமாக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். நெரிசலில் மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனையும் அதன் ரிலேயையும் பாருங்கள். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதுதான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறியபின் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வு), வாட்டர் பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். ரேடியேட்டர் மூடியையும் மறந்துவிடக் கூடாது. அது அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதே காரணத்தால் சூடான என்ஜினில் மூடியைத் திறப்பது பேராபத்து.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்ற அறிவுரை இன்னும் பட்டறைகளில் உலவுகிறது. அது இல்லாமல் என்ஜின் உரிய வெப்பத்தை அடையவே நெடுநேரம் ஆகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். கூலன்ட் வெளியே கசியாமலே குறைந்துகொண்டு, ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் குழம்பு படிந்திருந்தால், என்ஜினுக்குள் கூலன்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா?

அளந்துவிட்டு மாற்றுங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும்; வரவில்லையென்றால் குற்றம் பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்நேட்டரில், புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைப் படிவத்தைச் சுத்தம்செய்து, எர்த் கேபிளை இறுக்கியதிலேயே உயிர்பெற்ற கார்கள் பல.

புகையின் நிறம் எதைச் சொல்கிறது?

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் வந்து நின்றால் வால்வ் சீல். ஓட்டும்போது அழுத்தினால் வந்தால் பிஸ்டன் ரிங். கருப்பு என்றால் எரிபொருள் மிகுதி. ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை ஆவி குளிர்காலக் காலையில் இயல்பு, சூடேறிய பிறகும் தொடர்ந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது.

டயரை எப்போது கட்டாயம் மாற்ற வேண்டும்?

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதைக் காட்டுவதற்கென்றே பட்டன் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். டயரின் தோள்பட்டையில் முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ அவை இருக்குமிடத்தைக் காட்டும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. ஒரே ஒரு ஓரம் அந்த மட்டத்தைத் தொட்டாலும் முழு டயரும் முடிந்ததாகவே கொள்ள வேண்டும். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கக் காரை ஆய்வுக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

குறைவாக ஓடும் பழைய கார்களில் பட்டன் நிறைய இருக்கும்போதே ரப்பர் செத்துவிடும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 3417 என்றால் 2017ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டு ஆனால், பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பக்கச் சுவரில் புடைப்புத் தெரிந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அதற்கு வயதும் இல்லை, ஒட்டுப்போடும் வழியும் இல்லை, அன்றே மாற்ற வேண்டும்.

இரண்டு டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறது. முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

முன்சக்கரம் இழுக்கும் கார் என்பதால் முன்னால் போட வேண்டும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். புதியவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்லவற்றை முன்னால் கொண்டுவருவதே பாதுகாப்பானது. மழைநீர் தேங்கிய வளைவில் முன் டயர் பிடி விட்டால் கார் நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் ஓரளவு மீட்கலாம். பின் டயர் பிடி விட்டால் கார் தட்டாமாலை சுற்றிவிடும். பழக்கமில்லாத ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. மாட்டியபின் வீல் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை நிறுத்தி, மறுபடி இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.